டேக் அண்ணனும் என் இடுப்பும்

எழுதுவதெல்லாம் படித்தவர்கள் வேலை. நான் பத்தாவது வரைதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தப்பாக ஏதும் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். டேக் அண்ணனைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால்தான் துணிந்தேன்.

படப்பையிலிருந்து வாலாஜாபாத் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் அவரைப் போலச் சந்தேகப்படும் ஆள் கிடைக்க மாட்டார். டீ வாங்கினால் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஷேர் ஆட்டோவில் ஏறுமுன் குனிந்து டயரைப் பார்ப்பார். கோயிலில் சாமி கும்பிடும்போதும் ஒரு கண்ணைத்தான் மூடுவார். இன்னொன்று வாசலில் விட்ட செருப்பின் மேல் இருக்கும்.

வேலை ஒரு கம்பெனியில், குவாலிட்டி செக்கிங். எங்கள் வட்டாரத்துக் கம்பெனி லைன்களில் சரியில்லாத பாகத்துக்கு ஒரு டேக் கட்டி ஓரமாக வைப்பார்கள். அண்ணன் அந்த அட்டைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே நான் போகும் ஜிம்முக்கு வருவார். மீன்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசில் வெயிட் பிளேட்டைத் தொங்கவிட்டு நிறுப்பார். அரைக்கிலோ குறைந்தால் சிவப்பு டேக். பெஞ்சில் போல்ட் ஆடினால் சிவப்பு டேக். ஒருநாள் கண்ணாடிக்கே கட்டிவிட்டார்.

"யோவ், கண்ணாடி இன்னாய்யா பண்ணுச்சு?" என்று ஜிம் மாஸ்டர் கத்தினார்.

"ஆள ஒல்லியா காட்டுது மாஸ்டர். இத நம்பி எவனாவது டயட்ட வுட்டுட்டான்னா?"

நான் ஜிம்முக்குப் போனதே ஒரு பயத்தில். எனக்குக் காண்ட்ராக்டில் லோடிங் வேலை. பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மெடிக்கல் செக்கப் வரப்போகிறது, இடுப்பு வலி என்று தெரிந்தால் காண்ட்ராக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று லைனில் பேச்சு. மகள் நர்சிங் படிக்கிறாள். யாருக்கும் தெரியாமல் இடுப்பைப் பலப்படுத்திவிட வேண்டும் என்பது என் திட்டம்.

அதற்குத் தரையில் கிடக்கும் கம்பியை வெயிட்டோடு தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் நல்லது என்றார்கள். பெயரிலேயே சாவு இருக்கிறதே என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் மூலையில் நின்று தூக்கினேன். டேக் அண்ணன் பக்கவாட்டில் நின்று என் முதுகையே பார்ப்பார். "இடுப்பு வலிக்குதா?" என்பார். "இல்ல சார்" என்பேன். மறுபடி பார்ப்பார். இவர் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள் என்று முடிவே செய்துவிட்டேன்.

ஒருநாள் தூக்கிவிட்டு நிமிர்ந்தால் ஜிம்மே சிரிக்கிறது. "அங்கிளுக்கு டேக் போட்டாச்சு!" என்றான் ஒருவன். என் இடுப்பு பெல்ட்டின் பின்னால் கட்டியிருக்கிறார்! டேக்கை அவிழ்க்காமலே படியிறங்கி வந்துவிட்டேன். பின்னாலேயே அவரும் வந்தார். வாழ்க்கையில் நான் கோபப்பட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

"என்னைய காண்ட்ராக்டர்கிட்ட மாட்டிவுடத்தான சார் இதெல்லாம்?"

"இன்னாது? நானு காண்ட்ராக்டர் ஆளா? தலைவரே, நான் உன்னத்தான்யா அவங்க ஆளுன்னு நெனச்சுகினு கீறேன்! மூலைல நின்னுகினு, ஒருத்தர்கிட்டயும் பேசாம, எல்லாரையும் நோட்டம் வுட்டுகினு…"

"எனக்குக் கூச்சம் சார்."

"எல்லா ஸ்பையும் அப்டித்தான் சொல்லுவான். மொதல்ல டேக்க அவுத்து கலர பாரு."

பார்த்தேன். மஞ்சள்.

"செவப்புன்னா ஸ்கிராப்பு. மஞ்சள்னா ரீவொர்க்கு. சரி பண்ணா ஓடும். முதுக வில்லாட்டம் வளச்சுகினு தூக்குறியே, வலிக்காம இன்னா பண்ணும்?"

செக்கப் பயத்தை அவரிடம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து வெறும் கம்பிதான். வெயிட் கிடையாது. மாப்புக் கட்டையை என் முதுகில் நெட்டுக்கு வைத்துப் பிடித்துக்கொள்வார். குனியும்போது தலையோ முதுகோ இடுப்போ கட்டையை விட்டு விலகினால் திரும்பவும் முதலிலிருந்து. "கம்பி கால ஒரசிகினு வரணும். மூச்ச இழுத்து வயித்த இறுக்கு. இடுப்பால இழுக்காத, காலால தரைய தள்ளு." பெருக்க வரும் அக்கா, "அவுரு முதுக அப்புறம் தொடச்சுக்கலாம், கட்டைய குடுங்கய்யா" என்று தினமும் சண்டைக்கு வரும். வலி குறைந்திருக்கிறது என்று நான் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. என்னைச் செருப்பு மாட்டச் சொல்லி, எப்படிக் குனிகிறேன் என்று பார்த்த பிறகுதான் ஒரு சின்ன பிளேட் மாட்டினார்.

செக்கப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டி கனத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டால் நிம்மதி என்று பிளேட்டாக மாட்டினேன். பையன்களும், "அங்கிள், இன்னொண்ணு போடு, தாங்கும்!" என்று ஏற்றிவிட்டார்கள்.

குனிந்து கம்பியைப் பிடிக்கப் போனேன். டேக் அண்ணன் வந்து அந்தக் கம்பியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து வேர்க்கடலை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"எழுந்திரிங்க சார். ஒரே ஒரு தடவ."

"நாளிக்கு செக்கப்ப வெச்சுகினு இன்னிக்கி இடுப்ப ஒடச்சுக்குவியா? வூட்டுக்குப் போய் தூங்குய்யா."

"நீங்க போனதும் தூக்கிடுவேன்."

"தெரியும். அதான் ஒக்காந்துகினு கீறேன்."

நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் வழியாகத் தெரிந்தார். இன்னும் கம்பியின் மேல்தான் இருந்தார், கழுத்தை நீட்டி நான் நிஜமாகவே போகிறேனா என்று பார்த்துக்கொண்டு. கூடப் பிறந்தவர்கள்கூட என்னை அப்படிச் சந்தேகப்பட்டதில்லை.

மறுநாள் செக்கப்பில் டாக்டர் கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இடுப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் மதிய ஷிப்டுக்குப் போனேன்.