முப்பத்தெட்டுப் பூச்சிகளும் என் பெயரும்

இந்த முறை கோவில் ஒலிபெருக்கியில் என் பெயர்தான் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஊரான கரம்பொனில், தோட்டத்து முதற்காயைத் திருநாளன்று கோவிலுக்குக் கொடுப்போம். கொடுத்தவர் பெயரை, பாதிரியாருக்கு உதவியான மூப்பர் ஊரறிய வாசிப்பார். ஒன்பது வருடமாக அவர் வாசிப்பது என் மனைவி கிறிஸ்ரினாவின் பெயரை. ஒரே வளவுக்குள் கிணற்றடியில் அவளுக்கொரு பயற்றம்பந்தல், வேலியோரம் எனக்கொன்று. அவளுடையதுதான் முந்திக் காய்க்கும். கடலோடு மல்லுக்கட்டுகிறவன் ஒரு பயற்றங்கொடியிடம் தோற்கலாமா?

இந்த முறை என் கொடி முந்திப் பூத்தது. அவளுடைய கொடியில் அழுக்கணவன் அப்பிக் கிடந்தது. சாறு உறிஞ்சும் அந்தக் கறுப்புப் பூச்சிக்கு இப்படிப் பெயர் வைத்தது யாரோ ஒருவருடைய மனைவியாகத்தான் இருக்க வேண்டும். என் கொடியிலும் கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் அதைவிட மோசமான ஒன்றைக் கண்டேன்.

கறுப்பு உடம்பு, முதுகு நிறைய முள், செம்மஞ்சள் புள்ளி. சுண்டுவிரல் நகத்தளவு முதலை. முப்பது வருடம் வலை இழுத்தவனுக்குப் புத்தகம் தேவையில்லை. முள்ளும் புள்ளியும் சேர்ந்திருந்தால் அது நஞ்சு.

நஞ்சுப் பூச்சி, மருந்து அடிக்கப் போகிறேன் என்றேன். கிறிஸ்ரினா கைபேசியில் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினாள். பதில் வந்தது. வாசித்தவளின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"என்னவாம்?"

"மருந்து அடிக்க வேண்டாமாம். எடுக்கிறதெண்டால் கையால பக்குவமா எடுக்கட்டாம். நசுக்கக் கூடாதாம்."

"நஞ்சு எண்டு நான் சொன்னனான்தானே."

"மிச்சத்தையும் வாசிக்கட்டோ?"

"தேவையில்லை. எனக்குத் தெரியும்."

காலை முழுக்கக் குனிந்து, தென்னை ஈர்க்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, முப்பத்தெட்டை ஜாம் போத்தலில் அடைத்தேன். இடுப்பு விட்டுப்போனது. தேத்தண்ணி கொண்டுவந்தவள், இலைக்குக் கீழே இன்னும் இரண்டு இருப்பதைக் காட்டிவிட்டுப் போனாள். எங்கேயாவது கொட்டிவிடச் சொல்லிப் போத்தலை அவளிடமே கொடுத்தேன்.

இரண்டு கிழமைக்குள் என் கொடி சுருண்டது. பூவெல்லாம் அழுக்கணவன். அவளுடைய பந்தலில் காய் முழ நீளத்துக்குத் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். இலைக்கு இலை சிவப்புப் பொறிவண்டு. நடுவில் என் முதலைகள் ஒன்றிரண்டு, அழுக்கணவனை மென்றுகொண்டிருந்தன.

"இதென்ன?"

"பொறிவண்டுக் குஞ்சுகள். அழுக்கணவனைத் தின்னுறது இதுகள்தானாம். போதனாசிரியர் எழுதினவர்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"வாசிக்கட்டோ எண்டு கேட்டனான்."

"அதுக்கு உம்மட கொடியிலயோ கொட்டுறது?"

"எங்கையாவது கொட்டச் சொன்னது நீங்கள்."

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரேயொரு பொய் சொல்லியிருந்தால் ஒரு மாதமாவது நியாயமாகக் கோபித்திருப்பேன்.

"என்ர பூச்சியளைத் திருப்பித் தாரும்."

"செட்டை முளைச்சிட்டுது. கூப்பிட்டுப் பாருங்கோ. உங்கட சொல்லுக்கு வந்தால் கூட்டிக்கொண்டு போங்கோ."

கூப்பிட்டிருப்பேன். வேலிக்கு அப்பால் பக்கத்து வளவு லியோன் நின்றான்.

திருநாளன்று கூடை பாரம் என்றாள். நான்தான் சுமந்தேன். மூப்பரிடம் நானே நீட்டினேன். நீட்டியவன் பெயரை எழுதிவிடுவார் என்றொரு நப்பாசை. அவர் கண்ணாடியை மாட்டி, ஒலிபெருக்கியில் நிதானமாக வாசித்தார்:

"முதற்காய், கிறிஸ்ரினா. தூக்கி வந்தது, அவவின்ர மனிசன்."