ராஜாவின் வலது கை

எங்கள் நார்வே நாட்டில் ராஜாவின் மகன் யாராக இருந்தாலும் ராஜாவாகலாம். தாய் யார் என்று சட்டம் கேட்பதில்லை. காய்ச்சிய இரும்பை வெறுங்கையில் ஏந்தித் தேவாலய வாசலிலிருந்து பலிபீடம் வரை நடந்தால் போதும். பிறகு கையில் துணி சுற்றி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் அவிழ்க்கும்போது புண் ஆறியிருந்தால் அவர் ராஜா. சீழ் பிடித்திருந்தால் பொய்யர், கடலில் தள்ளிவிடுவோம். எளிமையான ஏற்பாடு.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் ராஜா வாரிசு இல்லாமல் காலமானார். அன்று மாலை பெர்கன் துறைமுகத்து மதுக்கடையில், கருவாட்டுப் படகோட்டி ஐவின் மேசைமேல் ஏறி நின்று, "நான்தான்டா ராஜாவோட புள்ள!" என்று கத்தினான். காலையில் கண் விழித்தபோது தலைமாட்டில் நீதிபதி ஹால்வார்ட் நின்றிருந்தார்.

"ஐயா, குடிச்சிட்டு உளறிட்டேன். எங்கப்பா கருவாடு வித்தவரு."

"உரிமை கோரியாச்சு. இல்லைன்னு சொல்ல உனக்கு ஏது அதிகாரம்? அதை இரும்புதான் சொல்லணும்."

அவன் மனைவி குன்வோர் ஓடி வந்தாள். "வாய் பண்ணின வேலைக்குக் கையைக் குடுக்கப் போறியா? நாளைக்கு யாருய்யா துடுப்புப் போடுறது, செத்துப்போன ராஜாவா?"

ஐவின் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு அழுதான்.

இரும்பு காய்ச்ச வேண்டியவர் பாதிரியார் பொட்டோல்ப். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நான் நல்லாக் காய்ச்சி, இவன் நிஜமாவே ராஜான்னு ஆயிட்டா? ராஜா கையைச் சுட்டவன்னு என் தலை போகுமே!"

"காய்ச்சாம விட்டாச் சட்டத்தை மீறின குத்தம், சாமி" என்றார் நீதிபதி.

"காய்ச்சிட்டு ஆற வச்சிருவோம். ஆறக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

நீதிபதி யோசித்தார். இல்லை.

ஐவின் இரும்பை ஏந்தி நடந்தான். "சிவக்கவே இல்லையே!" என்றாள் ஒரு மீன்காரி. "அரச ரத்தத்துக்கு முன்னால இரும்பு அடக்கமா இருக்கும்" என்றார் நீதிபதி. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்க்கும் நேரத்தில்தான் அடுத்த சிக்கல் புலப்பட்டது. கையில் ஆறுவதற்குப் புண்ணே இல்லை.

"அவிழ்த்தா, இரும்பு சுட்டுச்சான்னு கேள்வி வரும்" என்று ஐவின் காதில் கிசுகிசுத்தார் நீதிபதி. "கேள்வி வந்தா மறுபடியும் தூக்கணும். இந்தத் தடவை வேற ஆள் காய்ச்சுவார், நல்லாவே காய்ச்சுவார்."

"அப்போ?"

"கட்டு அப்படியே இருக்கட்டும், மகாராஜா. ஆயுசு முழுக்க."

கையைக் காப்பாற்றிக்கொண்ட ஐவின் அதைப் பயன்படுத்தும் உரிமையை இழந்து முடிசூடினான்.

மறுநாள் பிரபுக்கள் வலது கையில் வெள்ளைத் துணி சுற்றி வந்தார்கள். ஒரு வாரத்தில் வணிகர்கள் பட்டுத் துணி சுற்றினார்கள். பிறகு படகோட்டிகளும். கட்டில்லாத கை அரச நிந்தனை என்று ஆணை வெளியாயிற்று. தேவாலய மணியை அடிக்க ஆளில்லை. ஆனால் ஊரே கம்பீரமாக இருந்தது.

குன்வோர் மட்டும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தாள். பிடிக்கச் சொல்லி ஆணை பிறந்தது; காவலர்கள் இடது கையால் பிடிக்கப் பார்த்தார்கள். அவள் அரியணைக்குப் போய் ஐவின் கைக்கட்டின் முத்திரையைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"எந்திரிய்யா. மீன் காயுது."

கட்டு அரியணையில் கிடந்தது. இருவரும் படகில் ஏறி, நான்கு கைகளால் துடுப்புப் போட்டு, வடக்கே நேராகப் போய்விட்டார்கள்.

அரச கையைத் திருடியவளைப் பிடித்துவர உடனே படகுகள் புறப்பட்டன. எல்லோரும் இடது கையால் மட்டுமே துடுப்புப் போடுவதால், அவை இன்னும் துறைமுகத்துக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருக்கின்றன. கரையிலிருப்பவர்கள் எங்களைப் பார்த்துப் பெருமையாகக் கையசைக்கிறார்கள்; இடது கையைத்தான். நாங்கள் விரைவில் பிடித்துவிடுவோம் என்று நீதிபதி ஒவ்வொரு சுற்றிலும் சொல்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்குப் பின்னால்.