கருங்கிடாய் செவலையான கதை

காரைக்குடி,
ஆடி 9.

அன்பு மாப்பிள்ளை செல்வத்துக்கு, உன் அக்காள் புருஷன் மாயக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. உன் அக்கா பாண்டீஸ்வரியும் பிள்ளை சௌபர்ணிகாவும் சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலில் வருகிறேன். கிழித்துப் போடாமல் படி.

பிள்ளையின் காதுகுத்துக்காகக் கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கருங்கிடாயை உன்னிடம் வளர்க்க விட்டிருந்தேன். போன வாரம் அதை ஓட்டிவர வந்தால் வீட்டில் யாரும் இல்லை, உன் வேப்பமரத்தடியில் ஒரு செவலைக் கிடாய்தான் கட்டிக் கிடந்தது, எனக்கு வந்த கோபத்தில் அதையே அவிழ்த்து லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தேவகோட்டை தாண்டுவதற்குள் ‘செல்வம் ஏங் கிடாய மாத்திப்புட்டான், கிடாய்த் திருடன்’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பிவிட்டேன். அறுபத்திரண்டு பேர் கேட்டார்கள். நீ உடனே போன் செய்து, “மச்சான், ஒங்க கிடா இங்குட்டு…” என்று ஆரம்பித்தாய். மேலே பேசவிட்டேனா, பாவி!

மறுநாள் கிடாய்க்குச் சளி என்று கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அனுசுயா டாக்டரிடம் உன் திருட்டைச் சொல்லி அழுதேன். அந்தம்மா சிரித்துவிட்டு, பனி விழும் நாடுகளில் சில முயலுக்கும் நரிக்கும் பகல் பொழுது குறையக் குறையப் பழைய மயிர் உதிர்ந்து வெள்ளை மயிர் முளைக்கும், பனியோடு பனியாய் மறைந்துகொள்ளத்தான் அப்படி, கோடை வந்தால் திரும்பப் பழுப்பாகும் என்றார். நம்மூர்க் கருப்பு ஆடுகளும் வெயிலில் கொஞ்சம் செம்பட்டை தட்டுமாம். ‘கொஞ்சம்’ என்றதை நான் காதில் வாங்கவில்லை. வெயில் செய்த காரியத்துக்கு உன்னைத் திருடன் என்றேனே என்று அங்கேயே கூனிக் குறுகிப்போனேன். கருப்பருக்குக் கருங்கிடாய்தான் ஆகும் என்பதால், இன்று காலையில் என் மீசைக்கு வைத்திருந்த மை நாலு பாக்கெட்டையும் கரைத்து அதன் மேல் பூசிவிட்டேன்.

உன் அக்கா என்னோடு பேசி நாலு நாளாகிறது. சோறு வைக்கிறாள், உப்பில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தாய்மாமன் உன் மடியில் உட்காராமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? அறுபத்திரண்டு பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். என் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளை மேல் காட்டாதே, வந்துவிடு. கருப்பர் உன்னைக் காக்கட்டும், என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வெட்கம் கெட்ட
மாயக்கண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் பக்கத்து வீட்டு ராக்காயி வந்து நிற்கிறாள். “நெழலுக்குக் கட்டியிருந்த எங் கெடாய எதுக்கு அவுத்துட்டு வந்தீக? ஒங்க கருப்பு அன்னைக்கி மேயப் போயிருந்துச்சு, இப்பவும் செல்வம் வீட்டுலதான நிக்கிது” என்கிறாள். சொல்லிக்கொண்டே தன் செவலையை வீடு முழுக்கத் தேடுகிறாள். அது அவள் முழங்காலில் தலையைத் தேய்க்கிறது. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, “ஏண்ணே, இது இப்புடிக் கருத்துப்போச்சு?” என்றாள். “காலத்துக்குத் தக்கன சில உசுருக நெறம் மாறுமாம்மா, டாக்டரே சொன்னாக” என்றேன். நம்பாமல் தடவிப் பார்த்தவளுக்குக் கையெல்லாம் மை. மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, உடனே புறப்பட்டு வா.