கிழ லேப்டாப்பும் கோட்டைத் தளபதியும்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று லிஃப்ட் மெக்கானிக் பல்லைக் கடித்தபோது, எதிரி சாப்பாட்டு மேஜைமேல் உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

எதிரி ஒரு லேப்டாப். வயது பதினொன்று. அந்த இனத்தில் பதினொன்று என்றால் நம் கணக்கில் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. மூடியின் கீல் ஒன்று கழன்று, அதைத் துணி காயப்போடும் கிளிப் பிடித்துக்கொண்டிருந்தது. சார்ஜர் வயரை ஒரு தினுசாக வளைத்து, அதன்மேல் ஸ்பேனர் ஒன்றைப் பாரம் வைத்தால்தான் சார்ஜ் ஏறும். சூடு தாங்காது என்று கீழே நாலு பாட்டில் மூடிகள் வேறு. உள்ளே இருக்கும் விசிறி போடும் சத்தத்துக்கு, அது காற்றடித்து மேஜையோடு பறந்திருக்க வேண்டும். ஆனால் சத்தம் மட்டும்தான் வரும், காற்று வராது.

"கிழமே! நகருடா! நகரு!" என்று கத்தினார். கிழம் நகரவில்லை.

அதில் ஓடவேண்டியது, இணையத்தில் இருபது பேர் கூட்டாக வேஷம் கட்டி விளையாடும் ஒரு கேம். ஒருத்தர் வைத்தியர், ஒருத்தர் வில்லாளி, ஒருத்தர் மந்திரவாதி. ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கோட்டை முற்றுகை. அந்தப் படைக்கு நம்மவர்தான் தளபதி. வாரத்தில் ஆறு நாள், லிஃப்ட் நின்று பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் போனில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஏழாவது நாள் அவர் "பாய்!" என்றால் பத்தொன்பது பேர் பாய்வார்கள். அந்தச் சுகத்தை விட மனசு வருமா?

ஆனால் போன ஞாயிறு மானம் கப்பலேறிவிட்டது. கோட்டைக் கதவு திறந்த நேரம் பார்த்துக் கிழம் உறைந்துபோனது. தளபதி ஒரு காலைத் தூக்கியபடி கதவுக்கு நடுவில் முழுசாக நாற்பது விநாடி நின்றார். உத்தரவுக்காகக் காத்திருந்த பத்தொன்பது பேரையும் எதிரிகள் நிதானமாக வெட்டிச் சாய்த்தார்கள். அதற்கப்புறம் சாட்டில் ஒரு வரி வந்தது: 'தளபதிக்குச் சிலை வெச்சாச்சு. மாலை போட ஆள் தேவை.'

எழுதியவன் உபதளபதி. அவன் வேறு யாருமில்லை, சொந்தச் சகலை. வீட்டம்மாவின் அக்கா புருஷன். அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் பீரோ உயரம் இருக்கும். உள்ளே கலர் கலராக விளக்கெரியும். அதை நினைத்தாலே தளபதிக்கு வயிறு எரியும்.

இன்னொரு முறை உறைந்தால் பதவி சகலைக்குப் போய்விடும். முற்றுகை நாளைக்கு. தளபதி மேஜையை ஓங்கிக் குத்தினார். ஸ்பேனர் நழுவியது. கிழம் அணைந்தது.

"யாரைத் திட்டறீங்க?" வீட்டம்மா உள்ளிருந்து வந்தார்.

"இந்தச் சனியனைத்தான்!"

"நல்லவேளை. என்னையோன்னு நெனச்சேன்."

வீட்டம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனைகளுக்குக் கையுறை, ஊசி, பஞ்சு எல்லாம் அனுப்பும் கிடங்கில் இருப்பைப் பார்த்துக்கொள்பவர். ஆறு மாசமாக யாரும் தொடாத பொருள் கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இருக்காது. கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றியதிலிருந்து, போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். எட்டு மாசமாக ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வெயில் தணிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தளபதியும் எட்டு மாசமாக ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அடுத்த வாரம்." கடைசி சில வாரமாக அம்மா கேட்பதை நிறுத்தியிருந்தார். அடங்கிவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"என்ன கோளாறு அதுல?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"லிஃப்ட் பாஷையில சொல்லுங்களேன்."

தளபதிக்குக் கோபத்திலும் ஒரு பெருமை. "எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்ட்ல எண்பது பேர் ஏறி நின்னா என்ன ஆகும்? அதுதான் கோளாறு."

"அப்படி ஏறினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஆளை எறக்குவேன்."

"அப்ப எறக்குங்க."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தளபதி கிழத்தை எழுப்பி, ஸ்பேனரைத் திரும்ப வைத்து, கேமைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் போனார். அதற்குள் அம்மா ஒரு டம்ளர் டீ குடித்து முடித்துவிட்டார். திரையில் ஒரு காடு, பயிற்சிக்கு வந்திருந்த படையோடு, திக்கித் திக்கி வந்தது.

"இந்த மரமெல்லாம் சண்டை போடுமா?"

"மரம் எப்படிச் சண்டை போடும்?"

"அப்ப எதுக்கு வெச்சிருக்கீங்க?"

தளபதி மரங்களை அணைத்தார். காடு மொட்டையானது. கிழம் லேசாக மூச்சு விட்டது.

"அது என்ன, பளபளன்னு?"

"ஆறு. தண்ணி அலையடிக்குது."

"நீங்க குடிக்கவா போறீங்க?"

ஆறு போயிற்று. மேகம் போயிற்று. நிழல் போயிற்று. "வெயிலே பொய். அதுக்கு ஒரு நிழல் வேறயா?" என்றார் அம்மா. குதிரைக்கு வால் ஆடுவதும் நின்றது. ஒரு சாம்ராஜ்யத்தையே கிடங்கு மாதிரி பெருக்கித் தள்ளிவிட்டார்கள். பச்சைத் தரை, வெள்ளை வானம், நடுவில் ஒரு கோட்டை, அவ்வளவுதான் பாக்கி.

அம்மா சொல்லச் சொல்ல ஓட்டம் கூடியது. அதுதான் தளபதிக்கு எரிச்சல். இரண்டு வருஷமாக அவர் மண்டையை உடைத்துக்கொண்டது இவளுக்கு எப்படி ஒரு டம்ளர் டீயில் வந்துவிட்டது?

"மத்தவங்க உருவத்தை மறைக்கிறதுன்னு ஒண்ணு இருக்குமே, அது எங்க?"

அது இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கண் திரையில் இருந்தது. "ஏய், என் படை அது! மறைச்சா யார் எங்க நிக்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தளபதி முன்னாடி பாப்பாரா, பின்னாடி பாப்பாரா?"

"முன்னாடிதான்."

"படை எங்க வரும்?"

"பின்னாடி."

"பின்ன?"

பத்தொன்பது பேரும் மறைந்தார்கள். கிழம் பதினொரு வருஷத்தில் ஓடாத ஓட்டம் ஓடியது. தளபதி வாளைச் சுழற்றினார். வாள் அப்போதே சுழன்றது. முன்பெல்லாம் சுழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"அந்த மூலையில எழுத்தா ஓடுதே?"

"சாட். அதுல கை வைக்காதே."

"நான் எங்க வெச்சேன்? அந்தச் சிலைக்கு மாலை போடற பேச்சு எல்லாம் அதுலதானே வந்தது?"

தளபதியின் காது மடல் சிவந்தது. ஆனாலும் தயங்கினார். "அதை மூடினா நான் போடற உத்தரவு போகும். ஆனா அவங்க பேசறது எனக்குத் தெரியாது. முற்றுகைக்கு முன்னாடி ஆஜர் எடுப்போம். மூணு தடவை கூப்பிட்டுப் பதில் வரலைன்னா பதவி காலி."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான். ஒழுங்கு வேணாமா?"

"ஆஜர் எடுக்கறது யாரு?"

"தளபதி."

"தளபதியையே கூப்பிட்டு ஆஜர் எடுக்கற தைரியம் அங்க யாருக்கு இருக்கு?"

யாருக்கு இருக்கிறது? ஒருத்தனுக்கும் இல்லை! இப்படி ஒரு மரியாதையான பேச்சை அந்த வீட்டில் கேட்டு எத்தனை காலம்! தளபதி சாட்டை மூடினார், தன் கையாலேயே.

மறுநாள் மூன்றே முக்காலுக்குத் தளபதி மேஜையில் ஆஜர். கிளிப் சரி, ஸ்பேனர் சரி, பாட்டில் மூடிகள் சரி. கிழம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அவருக்கோ போன வாரத்துக் கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை. சாட் இல்லை, ஆஜர் எடுக்க வழியில்லை. எல்லோரும் வந்திருப்பார்கள், வராமல் எங்கே போவார்கள் என்று விட்டுவிட்டார். நாலு அடித்ததும் உத்தரவைத் தட்டினார்: 'மேற்கு வாசல்! என் பின்னால் வாருங்கள்!'

பாய்ந்தார். ஆறு காவலர்கள் எதிரே வந்தார்கள். ஒருவனை வெட்டினார், இன்னொருவனை வெட்டினார். மிச்சம் நாலு பேர் சேர்ந்து இவரை வெட்டினார்கள்.

"வைத்தியரே, மருந்து!" என்று தட்டினார். மருந்து வரவில்லை. "வில்லாளி, தூங்கறியா?" அம்பும் வரவில்லை. "பாயுங்கடா! சோம்பேறிங்களா! எவனுக்காவது சூடு சொரணை இருக்கா?" என்று வாய்விட்டே கத்தினார். அடுத்த அறையில் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

நாலு மணி ஏழு நிமிஷத்துக்குத் தளபதி மேற்கு வாசலில் வீரமரணம் அடைந்தார். ஆனால் அடுத்த நொடியே திரை முழுக்கப் பொன்னெழுத்து: 'கோட்டை வீழ்ந்தது!'

"ஜெயிச்சாச்சு!" நாற்காலி பின்னால் சாய, தளபதி எகிறிக் குதித்தார். "உயிரைக் கொடுத்து ஜெயிச்சேன்! எங்க அந்தச் சகலைப் பய?"

சகலைப் பய இரண்டாவது வரியில் இருந்தான். 'வடக்கு வாசல் வழியே வெற்றி. தளபதி: இடிமுழக்கம். வீரர்கள்: பத்தொன்பது. மேற்கு வாசலில் இறந்தவர்: ஒருவர்.'

இடிமுழக்கம் என்பது கேமில் சகலையின் பெயர்.

சாட்டைத் திறந்தார். நடந்தது எல்லாம் வரிசையாக இருந்தது.

'தளபதி வந்தாச்சா?' என்று மூன்று ஐம்பதுக்குச் சகலை கேட்டிருந்தான். இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி: 'தளபதி?' இன்னும் இரண்டு நிமிஷம் கழித்து: 'மூணாவது தடவை கூப்பிடறேன். தளபதி!'

வைத்தியர் எழுதியிருந்தார்: 'என் பக்கத்துலதான் நிக்கறார். கையாட்டினேன். எனக்குள்ளேயே புகுந்து நடந்து போறார்.'

'சரி, சட்டம் சட்டம்தான்' என்று வில்லாளி முடித்துவைத்திருந்தான்.

அதற்குக் கீழே இவர் போட்ட உத்தரவுகள், ஒருத்தரும் சட்டை செய்யாமல். நாலு ஐந்துக்கு ஒரு கேள்வி: 'மேற்கு வாசல்ல ஒரு ஆள் தனியா வாளைச் சுத்திட்டிருக்காரே, யார் அது?' சகலையின் பதில்: 'விட்டுடுங்க. காவல்காரங்க அங்கயே இருக்கட்டும்.'

கடைசியாகப் புதிய பதவிப் பட்டியல். அதில் நம்மவர் பெயருக்கு நேரே 'குதிரைக்குத் தீனி' என்று போட்டிருந்தது.

தளபதி, அதாவது முன்னாள் தளபதி, போட்ட சத்தத்தில் கிளிப் தெறித்தது. "எல்லாம் உன்னாலதான்!"

அம்மா வாசலில் நின்றார். "நான் ஒரு பொத்தானைத் தொட்டேனா? அத்தனையையும் அணைச்சது உங்க விரல்தானே?"

"உபதேசம் யார் பண்ணினது?"

"நல்லா ஓடுச்சா இல்லையா?"

ஓடியது. அதை மறுக்க முடியவில்லை என்பதுதான் அவர் கோபத்தை உச்சிக்கு ஏற்றியது. "இப்பவே உங்க அக்கா வீட்டுக்குப் போறேன். அந்த இடிமுழக்கத்தின் சட்டையைப் பிடிச்சு உலுக்கி நாலு கேள்வி கேக்கலைன்னா நான் மனுஷனே இல்ல! கார் சாவி எங்க?"

"என்கிட்டதான். வாங்க, நானே கொண்டு போய் விடறேன்."

"நீயா?" என்று கேட்கும்போதே இருவரும் படியிறங்கிவிட்டார்கள். அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் மாட்டிக்கொண்டார். மாஜி தளபதி வேறு வழியில்லாமல் பக்கத்து இருக்கையில் விழுந்தார். விழுந்ததும் பழக்கதோஷம்: உத்தரவுகள் கிளம்பின. "கிளட்ச்! கிளட்சை மிதி! கியர்! பின்னால பாரு, வேன் நிக்குது! இடிச்சே, இடிச்சே, போச்சு!"

ஒன்றும் போகவில்லை. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு வேன், நடுவில் ஒரு ஜாண் இடம். அம்மா ஒரே வளைப்பில் வண்டியை வெளியே எடுத்து, சிக்னல் போட்டு, ஒழுங்காகத் திரும்பி, பெரிய சாலையில் சேர்ந்தார். மாஜி உத்தரவை விட்டுக் கேள்விக்கு மாறினார்.

"எப்ப கத்துக்கிட்டே?"

"எட்டு புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன்னு போனேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? முந்தாநாள் டெஸ்ட்லயும் பாஸ்."

"சொல்லிக்கொடுத்தது யாரு?"

"அத்தான்தான். அவர் காருலயே."

"அவனா? ஆதாயம் இல்லாம ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடாத ஆளாச்சே அவன்! எட்டு வாரம் உக்காந்து சொல்லிக்கொடுத்தானா? அதுக்குக் கூலியா என்னத்தைக் கேட்டான்?"

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கியரை மாற்றினார்.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க. உங்க தளபதி பதவியை மட்டும்தான் கேட்டார்."