பௌர்ணமியைத் திட்டியவர்

திருவண்ணாமலையில் பௌர்ணமியைத் திட்டுகிற ஒரே ஜீவன் எங்கள் மாடி வீட்டு அமாவாசைதான். நிஜப் பெயர் வேறு. அது வீட்டு ஓனருக்கு மட்டும்தான் தெரியும். ஊரே கிரிவலத்துக்குத் திரண்டு, வேங்கிக்கால் வரை பஸ் நிற்க இடமில்லாமல் நெரியும் அன்று, இவர் கதவைச் சாத்திக்கொண்டு இழவு வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார். நிலா வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரம் ஒன்றுகூடத் தெரியாதாம். அமாவாசை நெருங்கினால்தான் முகத்தில் களை வரும்.

டியூஷன் சென்டரில் பிசிக்ஸ் எடுத்தார். கல்யாணம் இல்லை. சொத்து என்று இருந்தது ஒரு டெலஸ்கோப். ஆயுத பூஜையன்று அதற்கு என் மனைவி ஒரு மரியாதை செய்தாள். ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், மாடிப்படியில் நின்ற டெலஸ்கோப்பையும் விடவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் லென்ஸின் நட்டநடுவில் வைத்துவிட்டாள். மனிதர் கத்தவில்லை. முந்தானையால் துடைக்கப் போனவளை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார்.

அதற்குப் பிறகு நட்சத்திரமெல்லாம் மசமசவென்று இருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். எத்தனை முறை லென்ஸைத் துடைத்தும் சரியாகவில்லை. என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. படியில் அவர் இரண்டு முறை தடுக்கி விழுந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்து, வேலூருக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். குங்குமத்தின் மேல் தப்பே இல்லை. மாத்திரையை மறந்து மறந்து அவர் வளர்த்த சர்க்கரை வியாதி விழித்திரையை அரித்திருந்தது. ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றும் நிற்காது என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் போளூர் தாண்டியதும் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"கண்ணு புடிக்கிற வெளிச்சம் ரொம்பக் கம்மி சார். அதுக்குத் தெரியாத வெளிச்சம்தான் ஜாஸ்தி."

ஆன்மிகத்தில் இறங்கிவிட்டாரோ என்று பயந்தேன். நம்மூரில் அது சுலபமாகத் தொற்றும். நல்லவேளை, பாடம்தான் நடத்தினார். எக்ஸ்ரேயைக் காற்றே மறித்துவிடுமாம். அதைப் பிடிக்கிற டெலஸ்கோப்பை விண்வெளிக்கே அனுப்ப வேண்டுமாம். தூசிக்குள் பிறக்கிற நட்சத்திரத்தை, தூசியைத் தாண்டி வரும் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கலாமாம். ரேடியோ அலைக்கோ மேகம், பகல், பௌர்ணமி எதுவும் பொருட்டில்லை. ஒரு டிஷ் போதும், கண் வேண்டியதில்லை என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யாரோ தூக்கிப் போட்ட டிவி டிஷ் ஒன்றை மொட்டை மாடியில் நட்டார். சிக்னல் கூடினால் கீச்சிடுகிற சின்ன மீட்டரை அதில் மாட்டினார். சூரியனுக்கு நேரே திருப்பினால் அலறும். வெற்று வானத்துக்குத் திருப்பினால் முனகும். பக்கத்துத் தெருவில் அவருக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே என் மனைவியைக் கூப்பிட்டார்.

"டிஷ்ஷுக்கு எவ்ளோ வேணா வைங்கமா. ரேடியோ அலைய குங்குமம் ஒண்ணும் பண்ணாது."

வைத்துவிட்டுக் கீழே வந்து அழுதாள். அவர் சந்தனக் கிண்ணத்தைத் தடவித் தடவித் தேடினாராம்.

போன வாரம் மத்தியானம் காபி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். இப்போது அவருக்கு இரண்டு கண்ணும் இல்லை. டிஷ்ஷைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் காட்டாமல் அதன் முன்னால் போய் நின்றேன். முனகிக்கொண்டிருந்த மீட்டர் கீச்சிட்டது.

"வாங்க சார்," என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சூடு உள்ள எந்த உடம்பும் ரேடியோ அலை விடுமாம். வெற்று வானத்தைவிட நான் ரொம்பப் பிரகாசமாம். என்னை இப்படி யாரும் புகழ்ந்ததில்லை.

"கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க சார். உங்களப் பாத்துக்குனு இருக்கேன்."

காபி ஆறிப்போயிற்று. நான் நகரவில்லை.