ஆங்கஸுக்கு ஒரு பெட்டி

தனக்காகச் செய்த சவப்பெட்டியை ஆங்கஸ் ரசித்துத் தின்றுகொண்டிருந்தது.

ரோவினா கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். போன வாரம் இதே வாசற்படியில் அவள் கொண்டுவந்து வைத்த பெட்டியைக் காணோம். மூடியில் பாதிதான் மிச்சம். அதுவும் நாயின் வாயில்.

டனீடின் நகரில் பொருள் வடிவமைப்புப் படிக்கும் ரோவினாவுக்கு ஒரே பிடிவாதம். தான் செய்கிற எதுவும், வேலை முடிந்தபின் பூமிக்குப் பாரமாகக் கிடக்கக் கூடாது. அதனால்தான் இறுதியாண்டுத் தேர்வுக்கு மற்றவர்களைப் போல நாற்காலி, விளக்கு என்று போகாமல், வளர்ப்பு நாய்களுக்கான சவப்பெட்டியில் இறங்கினாள். பீர் காய்ச்சியபின் கொட்டுகிற பார்லிச் சக்கை, மாட்டெலும்புப் பசை. இரண்டே சரக்கு. ஆணி கிடையாது, பெயின்ட் கிடையாது. மண்ணுக்குள் போய்ச் சில வாரங்களில் மண்ணாகவே ஆகிவிட வேண்டும். நிஜமான நாயோடு புதைத்து நிரூபித்தால்தான் பாஸ். இல்லையென்றால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும்.

விசாரித்ததில், பஸ் ஓட்டும் ஃபெர்கஸ் கிடைத்தார். அவருடைய ஆங்கஸுக்குக் கண் போய், பின்னங்கால் போய், டாக்டர் கையை விரித்தாயிற்று. பெட்டி கொடுக்கப் போன அன்று, உள்ளே போர்வைக்குள் அது இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. எட்டிப் பார்க்க ரோவினாவுக்கு மனசு வரவில்லை.

இப்போது, சாகக் கிடந்தது எழுந்து வந்து சவப்பெட்டியை மென்றுகொண்டிருக்கிறது.

"ஆங்கஸ்! விடுடா!"

நாய் திரும்பவே இல்லை. காதும் போய்விட்டது போலிருக்கிறது, பாவம்.

ஃபெர்கஸ் டீக் கோப்பையோடு வெளியே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, விடியற்காலை பஸ் எடுப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். மனிதர் பேச்சில் மகா கருமி. கேட்டதற்கு மட்டும் பதில் வரும்.

"பெட்டி எப்படி இருந்துச்சு, ஃபெர்கஸ்?"

"நல்ல பெட்டி."

"வேற ஒண்ணு கொண்டாரேன். இதைவிடக் கெட்டியா."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உனக்கு எதுக்கும்மா சிரமம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சரி."

அடுத்த பெட்டியில் மிளகாய்த்தூளைக் கலந்தாள். நாய் தும்மித் தும்மித் தின்றது. ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் தின்றது. அதற்கடுத்ததை வினிகரில் ஊறவைத்தாள். வினிகர் தெளித்த சிப்ஸ் போல மொறுமொறுவென்று உள்ளே போயிற்று. பலகையின் தடிமனை இரண்டு பங்காக்கினாள். விருந்தும் இரண்டு பங்காயிற்று.

அதைவிடப் பெரிய தலைவலி, நாய் தேறிக்கொண்டே வந்தது. கண் தெரியாத நாய் பறக்கிற ஈயைக் கவ்வியது. கால் விளங்காத நாய் கேட்டைத் தாண்டிக் குதித்து அவளை வரவேற்றது. தன் பெட்டியைத் தின்றே தேறுகிறது என்று ரோவினாவுக்கு ஒரு பக்கம் பெருமை, மறுபக்கம் கவலை. இது எப்போது சாவது, எப்போது புதைப்பது? ஒரு நாய் சாகவில்லையே என்று ஏங்குகிற பிழைப்பாகிவிட்டதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பேராசிரியர் பிலிப்பாவிடம் போய் நின்றாள்.

"இதுக்குப் போயா இந்தப் பாடு? மேல ஒரு கோட்டிங் பிளாஸ்டிக் வார்னிஷ் அடி. நாய் கிட்டயே வராது. யாருக்குத் தெரியப் போகுது?"

"மண்ணுக்குத் தெரியும்."

"மண்ணா மார்க் போடப் போகுது? நான்தான் போடணும்."

"அப்போ போடாதீங்க, பிலிப்பா. நான் வார்னிஷ் அடிக்க மாட்டேன்."

"இந்த வாய்க்கு நீ அடுத்த வருஷமும் இங்கதான் இருக்கப் போற."

ரோவினா நேராக ஃபெர்கஸ் வீட்டுக்குப் போனாள்.

"தேர்வு அன்னிக்கு வந்து பெட்டியப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். நாயையும் கூட்டிட்டு வாங்க."

ஃபெர்கஸ் குனிந்து காலடியில் பார்த்தார். "இதையா?"

"வேற எதை?"

"சரி."

தேர்வு அன்று, பெட்டி மேஜை மேல் ஏறிய மறுகணம் நாயும் ஏறியது. தேர்வாளர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். அறை முழுக்கக் கறுக் முறுக் என்று சத்தம்.

"அதை நிறுத்து, ரோவினா!" என்று கத்தினார் பிலிப்பா.

"தின்னட்டும்!" என்றாள் ரோவினா. "புழு தின்னணும்னு செஞ்ச பெட்டியை நாய் தின்னா குத்தமா? நாய்கூட மோந்து பாத்துட்டு ஓடுற சரக்கைத்தானே இத்தனை வருஷமா மண்ணு வாயில திணிச்சிக்கிட்டு இருக்கோம்!"

"பேச்செல்லாம் ஜோராத்தான் இருக்கு," என்றார் பிலிப்பா. "ஒரு பெட்டியாவது மண்ணுக்குள்ள போச்சா? மக்குச்சா? ஆதாரம் எங்க?"

"இல்ல. ஃபெயிலே போட்டுக்கோங்க. அடுத்த வருஷமும் இதே சக்கையோட வந்து நிப்பேன். அதுக்கடுத்த வருஷமும் நிப்பேன்!"

குரல் உடைந்துவிட்டது. ஆனால் குனியவில்லை அவள். அழுகையும் ஆத்திரமுமாகப் பிலிப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிலிப்பா பேனாவைத் திறந்தார். நாய் அவர் காகிதத்தின் மேல் காலை வைத்தது.

"ஃபெர்கஸ், உங்க நாயக் கொஞ்சம் கீழ எறக்குறீங்களா?" என்றார் பிலிப்பா.

சுவரோரம் நின்றிருந்த ஃபெர்கஸ் திருதிருவென்று விழித்தார்.

"இது என் நாய் இல்லீங்களே, யார் வீட்டுதோ, இந்தப் பொண்ணுதான் வாராவாரம் இதுக்குத் தீனி கொண்டாந்து போடுது; என் ஆங்கஸ மொதப் பெட்டியிலயே பொதைச்சாச்சு, அவனுக்கு இருட்டுன்னா பயம், அதனால மூடிய மட்டும் வைக்கல, போன வாரம் மேல ஒரு செடி நடலாம்னு தோண்டினா, பெட்டி இருந்த சுவடே இல்ல!"