காக்கா இல்லாத கடற்கரை

மனைவி சொன்ன ஒரே ஒரு "சரி"யைக் கேட்டுக் கைகால் நடுங்கிய மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தருவைகுளத்துக்கு வாருங்கள். பெனிஸ்டனைக் காட்டுகிறேன்.

திங்கள் முதல் சனி வரை பெனிஸ்டன் பெரிய ஆள். தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆபீசில் வேலை. அவர் முத்திரை குத்தாமல் ஒரு கன்டெய்னர் கப்பல் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெனிஸ்டன் காணாமல் போய்விடுவார். மனைவி ஜெப்ஸிக்குக் கருவாட்டு வியாபாரம். கடற்கரை மணலில் வலையை விரித்து, நெத்திலியைப் பரப்பி, புருஷன் கையில் ஒரு கம்பைக் கொடுத்து உட்கார்த்திவிட்டுப் போய்விடுவாள். காக்கா விரட்ட வேண்டும். கன்டெய்னர் அடங்கும். காக்கா அடங்குமா? இவர் இந்த மூலைக்கு ஓடினால் அது அந்த மூலையில் கொத்தும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் மடியில் வந்து உட்காரும்.

அதையும் பொறுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மேனேஜர் குடும்பத்தோடு கடல் பார்க்க வந்துவிட்டார். கம்பும் கையுமாக நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பெனிஸ்டன், பார்ட் டைமா?"

அன்றைக்கு மத்தியானம் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டார். தட்டை ஓங்கி வைத்துவிட்டுச் சபதம் எடுத்தார். மனசுக்குள்ளேதான். "இனி இந்தக் கையில கம்பு ஏறாது."

வழியும் கிடைத்தது. ஊரிலிருந்து வண்டியில் போகிற தூரத்தில் டெரன்ஸ் சார் என்று ஒரு ஓவியர் பயிற்சிப் பட்டறை நடத்துகிறார். திறந்தவெளியில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிற பட்டறை. சனிக்கிழமை சாயங்காலம் பாடம், ஞாயிற்றுக்கிழமை வெளியில் உட்கார்ந்து பழக வேண்டும். பெனிஸ்டன் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் வெட்டினாலே அது வௌவால் மாதிரி இருக்கும். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை" என்ற சொல் காதில் விழுந்ததும் கலை ஆர்வம் பொங்கி வழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, சண்டைக்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"ஏளா ஜெப்ஸி, இனிமே ஞாயித்துக்கிழமை என்னைய எதிர்பாக்காத. நான் படம் வரையப் போறேன்."

ஜெப்ஸி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்குள்ளயா, வெளியவா?"

"வெளிய. வெயில்லதான் நிறம் தெரியும்."

"ஒரே இடத்துலயா உக்காருவீய?"

"ஒரே இடம், ஒரே நேரம். மாத்துனா நிழல் மாறிடும். சார் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு."

"உக்காந்தே இருக்கணுமோ?"

"அதெப்படி? அப்பப்ப எந்திரிச்சுப் பின்னால தள்ளி நிக்கணும். கண்ணைச் சுருக்கிப் பாக்கணும். திரும்ப முன்னால வந்து வரையணும்."

"கையை வீசிக்கிட்டா?"

"கையை வீசாம பிரஷ் எப்படிப் போவும்? தோள்ல இருந்து வீசணும்னு சார் சொல்லுதாரு."

ஜெப்ஸி இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"சரி."

அவ்வளவுதான். அழுகை இல்லை. "எங்கம்மா அப்பவே சொன்னா" இல்லை. பெனிஸ்டனுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. போதாக்குறைக்கு மறுநாள் பழைய பாய்மரத் துணியில் படப்பலகை வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தாள். பெரிய வெள்ளைக் குடை வாங்கி வந்தாள். நல்ல இடம்கூட அவளே பார்த்து வைத்திருந்தாள்.

"முன்னால வள்ளம், அதுக்குப் பின்னால கடல். ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. வள்ளம் அசையாம நிக்கும். நீங்க கடலை மட்டும் பாருங்க. பின்னால என்ன நடந்தாலும் திரும்பாதீய. கவனம் சிதறிடும்."

இப்படி ஒரு மனைவியா என்று பெனிஸ்டனுக்குக் கண் கலங்கியது. வண்ணம் கரைக்க வாங்கிய டர்பன்டைன் நெடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வரையத் தொடங்கிய பிறகுதான் உண்மையான கண்ணீர் வந்தது. முதலில் பலகை முழுக்கப் பழுப்பு நிறம் தடவச் சொல்லியிருந்தார் சார். தடவினார். அன்று அதைத் தாண்டவே முடியவில்லை. அடுத்த முறை வள்ளத்தின் நிழலைப் பிடிக்கப் போனார். இவர் நீலத்தையும் பழுப்பையும் குழைத்து முடிப்பதற்குள் நிழல் அந்தப் பக்கம் போய்விட்டது. இவரும் பின்னாலேயே போனார். கடைசியில் வள்ளத்துக்கு இரண்டு பக்கமும் நிழல் விழுந்திருந்தது. அதற்கடுத்த முறை காற்று. ஈர எண்ணெயில் மணல் அப்பி, படம் ரவையில் புரட்டிய மீன் மாதிரி பொரிக்கத் தயாராக இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சுரண்டினார். இந்த ஜென்மத்தில் தனக்கு ஒரு வள்ளம் கூடக் கரை சேராது என்று தோன்றியது.

ஒரே ஆறுதல், பெண்கள். கரையில் வேலை செய்கிற பெண்களுக்கு இவ்வளவு கலை ரசனை இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பக்கத்து வீட்டு ஈவாஞ்சலின் அக்காதான் அதில் முதல் ரசிகை.

"தம்பி, நல்லா வீசி வரையுங்க! ஆங், அப்படித்தான்!"

"தம்பி, உக்காந்தே இருக்கீயளே, எந்திரிச்சுத் தள்ளி நின்னு பாருங்க. இன்னும் ரெண்டு எட்டு! இன்னும்!"

டெரன்ஸ் சார் சொன்னதையே அக்காவும் சொல்கிறாளே! பெனிஸ்டன் புல்லரித்துப் போய், குடையைச் சுழற்றி, வண்ணத் துணியை உதறி, கையை அகல வீசி, முன்னால் போய்ப் பின்னால் வந்தார். கம்பு பிடித்த காலத்தில் இப்படி ஒரு மரியாதை உண்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெரன்ஸ் சாரே நேரில் வந்தார், படம் எப்படி வருகிறது என்று பார்க்க. கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார். அகல விரித்துப் பார்த்தார்.

"கடற்கரைன்னா நாலு காக்கா இருக்குமே பெனிஸ்டன். உங்க படத்துல ஒண்ணு கூட இல்லியே?"

"பாக்குறதை மட்டும்தான் போடணும்னு நீங்கதான சார் சொன்னீங்க? நான் இங்கன உக்காந்ததுல இருந்து ஒரு காக்கா கூட வந்து..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

மெதுவாகத் திரும்பினார். ஜெப்ஸியின் வலை. அதை ஒட்டி ஈவாஞ்சலின் அக்காவின் வலை. அதை ஒட்டி இன்னொன்று. அதற்கப்பால் தெருவே தன் நெத்திலியைக் கொண்டுவந்து அவர் முதுகுக்குப் பின்னால் கொட்டியிருந்தது. எல்லாம் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு, ஒரு கொத்துக்கூடப் படாமல். தூரத்தில், தேவாலயத்துச் சுவர்மேல், காக்காக்கள் வரிசையாக உட்கார்ந்து அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

டீ பிளாஸ்க்கோடு ஜெப்ஸி வந்தாள்.

"ஏளா! என்னையக் காக்கா விரட்டவா வெச்ச?"

"நான் எப்பங்க விரட்டச் சொன்னேன்? நீங்க வரைஞ்சீய. அதுக பறந்துட்டு."

"என் படத்தைப் பாத்து ஏன் பறக்கணும்?"

"அதுகளுக்கும் கண்ணு இருக்குல்லா."

ஈவாஞ்சலின் அக்கா சிரிப்பை முந்தானையில் அடைத்துக்கொண்டாள். "கோவப்படாதீங்க தம்பி. கம்பைக் குடுத்தா மனுஷன் தூங்கிடுதாரு, பிரஷ்ஷைக் குடுத்தா கண்ணு மூட மாட்டேங்காருன்னு ஜெப்ஸி பெருமையாத்தான் சொன்னா. அதான் எங்க மீனையும் இங்கன பரப்பிக்கிட்டோம். சும்மா இல்ல, உங்க வீட்டுக்கு ஆளுக்கு ஒரு படி கருவாடு குடுத்துருதோம்."

வீட்டுக் காக்கா விரட்டியாக இருந்தவர், இப்போது ஊர்ப் பொதுக் காக்கா விரட்டி. மேனேஜர் பார்த்தால் "ஃபுல் டைமா?" என்று கேட்பார்.

"இனி நான் பிரஷ்ஷைத் தொட்டேன்னா கேளு!" என்றார்.

"தொட வேண்டாம்," என்றாள் ஜெப்ஸி, டீயை ஊற்றிக்கொண்டே. "கம்பு கதவுக்குப் பின்னாலதான் இருக்கு. எடுத்துட்டு வரட்டா?"

பெனிஸ்டன் கடலைப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்தார். சார் முகத்தைப் பார்த்தார். சார் டீயை வாங்கிக் குடித்துவிட்டு, "வெளிச்சம் போறதுக்குள்ள அந்த நிழலை முடிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பெனிஸ்டன் பிரஷ்ஷை எடுத்து நீலத்தில் தோய்த்தார். கை தானாக வீசியது. சுவர்மேல் இருந்த காக்காக்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

ஈவாஞ்சலின் அக்கா பக்கத்தில் வந்து, படத்தை ஒரு முறை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பணிவாகக் கேட்டாள்.

"தம்பி, வர்ற வாரம் சுறா காயப் போடுதோம். அது காய நாளாவும். கொஞ்சம் பெரிய படமா ஆரம்பிங்களேன்."